கடல் பார்த்து மாத்திரை விழுங்கிய கேப்டன்

அலைகடலின் நடுவே தலைநிமிர்ந்து நிற்கும் இந்தத் தீவின் மீனவர் கூட்டுறவுச் சங்கத்தைத் தன் தோளில் சுமக்கும் மதிப்பிற்குரிய தலைவர் கூ சங்-மூ அவர்களே! வயதில் அவரையும் மிஞ்சி, முன்வரிசை நாற்காலியை எவருக்கும் விட்டுக்கொடுக்காத பெரியோர்களே! சிப்பி பொறுக்கிய கை காயுமுன் கிம்ச்சி ஊறுகாய் பிசையப் போகும் தாய்மார்களே! வெளியே கொதிக்கும் மீன்குழம்பின் வாசம் பிடித்தபடி, இவன் எப்போது முடிப்பான் என்று காத்திருக்கும் கேப்டன்மார்களே! இவர்களோடு சேர்ந்து, அழைப்பிதழ் இல்லாமலே உள்ளே வந்து, இங்கிருக்கும் பலர் இரைப்பையில் இடம்பிடித்து அமர்ந்திருக்கும் கிருமிப் பெருமகனாரே! அனைவருக்கும் துறைமுக ஏலக்காரனின் வணக்கம்.

ஏன் சிரிக்கிறீர்கள்? அவரை வணங்காமல் வேறு யாரை வணங்குவது? ஹெலிகோபாக்டர் பைலோரி என்று நம் சுகாதார நிலைய டாக்டர் தோ ஹே-இன் அவருடைய பெயரைச் சொன்னார். அந்தப் பெயர் என் வாயில் நுழையவில்லை. அவர் மட்டும் வயிற்றில் தாராளமாக நுழைந்துவிட்டார்! இரும்பையும் அரிக்கும் என்கிறார்களே, அந்த இரைப்பை அமிலத்தில் இன்பமாக நீந்துகிறார். நாம் ஊற்றும் சோஜுச் சாராயத்துக்கு அசரவில்லை. நாம் அள்ளிப் போடும் மிளகாய்த்தூளுக்கு அஞ்சவில்லை. இப்போது மருந்துக்கும் மசியவில்லை! இத்தனை வல்லமையை அவருக்கு வழங்கிய வள்ளல்கள் யார்? வெளியூர்க்காரரா? இல்லை ஐயா, இல்லை. நாம்தான்!

இருமல் வந்தால் என்ன செய்தோம்? படகேறி அக்கரைக்குப் போனோம். "டாக்டர், பலமா எழுதிக் குடுங்க, நாளைக்கே கடலுக்குப் போகணும்" என்று அடம்பிடித்தோம். தும்மலுக்கு ஒரு மாத்திரை, துவண்டால் ஒரு மாத்திரை, தொண்டை கரகரத்தால் ஒரு மாத்திரை. வயிற்றில் இருந்த பெருமகனார் அத்தனையையும் ருசி பார்த்துப் பழகிக்கொண்டார். பிறகு அவரை விரட்ட அதே இனத்து மாத்திரையை அனுப்பினால் பயப்படுவாரா?

போதும், அவர் புகழ். இனி மா பொங்-தேயிடம் வருகிறேன்.

இந்த ஆண்டு அதிக மீன் கொண்டுவந்த கேப்டன் அவன். என்ன தம்பி, ஏன் எழுந்து நிற்கிறாய்? என்ன சொல்கிறான்? "அண்ணே, சபையில வச்சு மானத்த வாங்காதீங்க" என்கிறான். நான் விற்கிறவன் தம்பி, வாங்குகிறவன் இல்லை. உட்கார். உன் மனைவி யூ பில்-சுன் என் வீடு தேடி வந்து கேட்டுக்கொண்டதால்தான் இந்த ஒலிபெருக்கியைப் பிடித்திருக்கிறேன்.

பொங்-தேயின் வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், கிருமியைக் கண்டார், இரைப்பையின் உட்சுவர் நைந்திருப்பதையும் கண்டார். இப்படியே விட்டால் புற்றாக மாறக்கூடும் என்று சொல்லி, மாத்திரை கொடுத்தார். அது முடிந்த பிறகு, மூச்சை ஊதச் சொல்லிச் சோதித்தார். கிருமி அப்படியே இருந்தது. அன்று அந்த அறையில் நடந்த பேச்சைப் பில்-சுன் எனக்குச் சொன்னாள்.

"கேப்டன், மாத்திரைய விடாமச் சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன் டாக்டரம்மா. கடலுக்குப் போன நாள்ல ஒண்ணுகூட விடல."

"போகாத நாள்ல?"

"நீரோட்டம் செத்த நாள்ல எவன் கடலுக்குப் போவான்? வலையே சும்மாக் கெடக்கு. நானே வேலை செய்யல, கிருமி மட்டும் வேலை செய்யவா போவுது? அதுக்கும் லீவுதான்!"

"அன்னிக்குக் குடிச்சீங்களா?"

"குடிக்காம? மாத்திரையும் சோஜுவும் ஒண்ணாப் போனா ஆகாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? அதான் மாத்திரைய நிறுத்திட்டேன்."

கேட்டீர்களா கீழ்ப்படிதலை! இப்படி ஒரு நோயாளியைப் பெற எந்த டாக்டர் தவம் செய்தாரோ!

"மிச்ச மாத்திரை எங்க?"

"மச்சானுக்குப் பல்வலி. குடுத்துட்டேன்."

அதோ மூன்றாம் வரிசையில் மச்சான் தலையைக் குனிகிறார். பல்வலி போயிற்றா மச்சான்? போகவில்லையாம்!

அப்போது டாக்டர் சொன்னார்: "பாதியில நிறுத்துனா சாதுக் கிருமிதான் சாகும். ரவுடிக் கிருமி பொழச்சுப் புள்ள குட்டி பெத்துக்கும். உங்க வயித்துல இப்ப இருக்கறது முழுக்க ரவுடிங்க."

இனி என்ன வழி? ஊரே வைத்தியரானது. ஒருவர் முட்டைக்கோஸ் சாறு என்றார். ஒருவர் தயிர் என்றார். ஒருவர் பூண்டைத் தேனில் ஊறவைக்கச் சொன்னார். டாக்டர் எதையும் ஏளனம் செய்யவில்லை. "தயிர் சாப்பிடுங்க, மாத்திரையால வர்ற வயித்துப் புரட்டல் கொஞ்சம் அடங்கும். ஆனா தயிர் தனியாப் போயி ரவுடியப் புடிக்காது. கிருமியவே தின்னுற வைரஸ், தடுப்பூசி, எல்லாம் ஆராய்ச்சியில இருக்கு. அது நம்ம தீவுக்கு வர்ற வரைக்கும் உங்க வயிறு காத்திருக்காது" என்றார்.

அதனால் டாக்டர் இவன் இரைப்பையிலிருந்து ஒரு துளி சதை எடுத்து ஆய்வுக்கு அனுப்பி, எந்த மருந்து இன்னும் எடுபடும் என்று பார்த்தார். பிஸ்மத் என்ற உலோகம் சேர்ந்த வேறொரு கூட்டு மருந்தைக் கொடுத்திருக்கிறார். அதுவும் பாதியில் நின்றால் மிச்சமிருக்கும் வழிகள் மிகக் குறைவு. நேற்றுத்தான் அவன் விழுங்கத் தொடங்கினான். இன்று எந்த நாள்? நீரோட்டம் செத்த நாள். எல்லாப் படகும் கரையில். எல்லாக் கேப்டனும் மண்டபத்தில். வெளியே பெட்டி பெட்டியாகச் சோஜு!

நம் சங்கத்து வழக்கம் எல்லோருக்கும் தெரியும். அதிக மீன் கொண்டுவந்தவனுக்குத் தலைவர் தன் கையால் தன் கோப்பையை நிரப்பித் தருவார். அவன் அந்தச் சோஜுவை இரு கையால் வாங்கி, ஒரே மூச்சில் குடித்துக் கோப்பையைக் கவிழ்க்க வேண்டும். மறுத்தால்? தலைவரை அவமதித்ததாக இந்தத் தீவு அடுத்த ஆண்டு வரை பேசும். பொங்-தே புயலுக்கு அஞ்சாதவன், அந்தக் கோப்பைக்கு அஞ்சுகிறான். "சாவறதா இருந்தாலும் பெரியவர் குடுக்கறத எப்படி வேணாம்னு சொல்றது?" என்று மனைவியிடம் கேட்டிருக்கிறான். கேட்டுவிட்டு, இன்று மதிய மாத்திரையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறான்!

இங்கே எனக்குக் கேலி வரவில்லை, கோபம் வருகிறது. தலைவரே, இவனுடைய அப்பாவின் பாடையை முன்வரிசையில் நின்று தூக்கியவர் நீங்கள். பக்கத்தில் நான். அவருக்கு வயிற்றில் புற்று. இவனுடைய அண்ணனின் பாடையையும் நாம்தான் தூக்கினோம். அவனுக்கும் வயிற்றில் புற்று. அந்தக் குன்றுப் பாதையில் நீங்கள் நடுவழியில் இறக்கிவைத்து அழுதீர்களே, ஐயா, நான் பார்த்தேன். எனக்கு இவனைத் தூக்க விருப்பமில்லை. உங்களுக்கு இருக்கிறதா?

சபையோரே, அமைதி. தலைவர் எழுகிறார். கோப்பையை எடுக்கிறார். கெண்டியை எடுக்கிறார்... பார்லித் தண்ணீர்! என்ன சொல்கிறார், கேளுங்கள்.

"டேய் பொங்-தே, இங்க வாடா. மொதல்ல அந்த மாத்திரையப் பையிலேருந்து எடு. இந்தத் தண்ணியில விழுங்கு. என் கண்ணு முன்னாடி விழுங்கு."

விழுங்குகிறான். இரு கையாலும் கோப்பையைப் பிடித்து, தலை குனிந்து, விழுங்கிவிட்டான். நாளைக்கு யார் அவனுக்குச் சோஜு ஊற்ற வந்தாலும், தலைவரே எனக்குத் தண்ணீர்தான் ஊற்றினார் என்று சொல்லி அவன் மறுக்கலாம். பில்-சுன், அழாதே அம்மா. ராத்திரி மாத்திரை உன் பொறுப்பு.

பொறுமை காத்த பெரியோர்க்கும், தாய்மார்க்கும், வழக்கத்தைவிட வாழ்வைப் பெரிதாக எண்ணிய தலைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. கிருமிப் பெருமகனாருக்கு மட்டும் விடை தருகிறேன். மற்ற அனைவருக்கும் வணக்கம்!