வலிக்கு மட்டும் கொடுத்தேன்

மாத்திரையை வெறும் வயித்துல போடக்கூடாதுங்க மேடம். மருமகளுக்கு ரெண்டு இட்லியாவது உள்ள போன பெறகுதான் எடுத்துக் கொடுப்பேன். ஹெட்மிஸ்ட்ரஸா இருந்து ரிட்டையர்டு ஆனவ நான். எதையும் ஒழுங்கா செஞ்சுதான் பழக்கம்.

பிளெஸ்ஸி நல்ல பொண்ணு, அதை நான் மறுக்கல. எம் மகன் அருள்தாஸுக்குக் கத்தார்ல வேலை. கல்யாணம் முடிஞ்சு அவன் மட்டும் போனான், அவ எங்கூட ஆவூர்ல இருந்தா. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பெறகு எனக்குப் பேச்சுத்தொணை அவதான். அப்புறம் அவளுக்கும் விசா வந்துருச்சு. பொண்டாட்டியும் அங்கிட்டுப் போயிட்டா எவன் இங்கிட்டுத் திரும்பிப் பாப்பான்? எதிர்வீட்டு செபமாலையக்கா செத்தப்ப, அவுக மகன் அடக்கத்தையே போன்லதான் பாத்தான்.

அந்த நேரத்துலதான் பிளெஸ்ஸிக்கு ஒண்ணுக்குப் போனா எரிச்சல், அடிவயித்துல வலி, காய்ச்சல். புதுக்கோட்டையில ஒரு லேடி டாக்டர்கிட்ட நானே கூட்டிட்டுப் போனேன். மூத்திரப் பாதையில கிருமின்னாங்க. ரெண்டு மாத்திரை எழுதுனாங்க. ஒண்ணு வீக்கத்துக்கும் வலிக்கும், இன்னொண்ணு கிருமியைக் கொல்ல. "வலி நின்னுருச்சேன்னு ஆன்டிபயாடிக்கை நிறுத்திராதீங்கம்மா, வலி மாத்திரை கிருமியைக் கொல்லாது"ன்னு என்கிட்டத்தான் சொன்னாங்க. எனக்கு நல்லாப் புரிஞ்சுச்சு.

பஸ்ல வரும்போது பிளெஸ்ஸி என் கையைப் பிடிச்சுக்கிட்டா. "அத்தை, அவுககிட்ட காய்ச்சல்னு மட்டும் சொல்லுங்க. எங்கம்மாகிட்டயும் சொல்லிராதீங்க, வெக்கமா இருக்கு." நம்ம பக்கம் பொம்பளைங்க இந்த நோவை வாய்விட்டுச் சொல்றதில்லையே. சொல்ல மாட்டேன்னேன். சொல்லவும் இல்ல.

வலி மாத்திரையை ஒழுங்காக் கொடுத்தேன். கிருமி மாத்திரைக்குப் பதிலா என் சத்து மாத்திரையைப் பிரிச்சு அவ உள்ளங்கையில வச்சேன். என்ன ஏதுன்னு கேக்காம முழுங்குவா. முழுசா சரியாகலைன்னா பயணம் தள்ளிப்போகும், அவ்வளவுதான் நெனச்சேன். காய்ச்சல் எறங்குச்சு, எரிச்சலும் கொறஞ்சுச்சு. "ஒங்களுக்குக் கைராசி அத்தை"ன்னு சிரிச்சா. எனக்குப் பாவமா இருந்துச்சு. ஆனாலும் கிருமி மாத்திரையை எடுத்துக் கொடுக்கல.

பெறகு விலாவுக்குக் கீழ முதுகுல வலின்னா. ஒடம்பு குளிர்ல ஒதறுச்சு. வலி மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போலாமான்னு அவளே கேட்டா. விடியட்டும்னேன். விடிஞ்சதும், பூசைக்குப் போயிட்டு வந்துர்றேன்னேன். கொண்டு போனப்ப, கிருமி ரத்தத்துல கலந்துருச்சு, கிட்னி வேலை செய்யலைன்னாங்க. எந்த மருந்தும் கேக்கல.

சம்பந்தியம்மா அரிசிப் பானைக்குள்ளருந்து எடுத்து ஒங்க ஸ்டேஷன்ல கொடுத்த மாத்திரை அட்டை நான் ஒளிச்சு வச்சதுதான். மருந்தைக் குப்பையில போட மனசு வரல. அதைக் கொடுத்திருந்தா பிளெஸ்ஸி பொழச்சிருப்பா. கொன்னது நான்தான், எழுதிக்கங்க. ஆனா அவளை நான் வலியில துடிக்க விடல மேடம், அதையும் சேத்து எழுதிக்கங்க.

அருள்தாஸ் வந்துட்டான். இனிமே கத்தாருக்கே போகலைங்கிறான். பகல் பூரா கல்லறைத் தோட்டத்துல ஒக்காந்திருக்கான், சாயங்காலம் வீட்டுக்குத்தான் வாரான். நான் போய்ச் சோறு வைக்கணும். அவனுக்கு மட்டும் இது தெரிய வேணாம் மேடம். தெரிஞ்சா மறுபடியும் கெளம்பிருவான்.