வக்கீல் கொண்டுபோன வார்த்தை

— அப்ப ஜனாதிபதிக்கு நமக்கு ஓட்டே இல்லையா மாமா?

— இல்ல மலிகா. நாம எம்.எல்.ஏ.வுக்குப் போட்டோம்ல? நாளன்னிக்கி அவரு மெட்ராஸ்ல ஜனாதிபதிக்குப் போடுவாரு. சட்டமே அப்படித்தான்.

— நம்ம மனசுல யாருன்னு அவரு கேப்பாரா?

— எதுக்குக் கேக்கணும்? டெல்லில நிக்கிறவரு எப்படிப்பட்டவருன்னு கீரப்பாளையத்துல நாத்து நடறவங்களுக்குத் தெரியுமா? நேரா ஜனங்க கையில உட்டா மைக்ல எவன் ஜாஸ்தி கத்துறானோ அவன் வந்துடுவான். வெவரம் தெரிஞ்ச நாலு பேரு நிதானமா முடிவு எடுத்தாத்தான் நாடு நிக்கும். செலவும் கம்மி.

— போனவரு மாத்திப் போட்டுட்டா?

— நம்பித்தான அனுப்புறோம்? நம்பிக்க இல்லன்னா ஒரு காரியமும் நடக்காது புள்ள. நாளைக்கு ஜும்மா முடிஞ்சு ஒன் தங்கச்சி அஸ்மத்துக்கு நிக்காஹ். அவளா சபைக்கு வரப்போறா? பொண்ணு தரப்பு வக்கீலா நான் உள்ள வந்து, அவ சம்மதத்தக் கேட்டு, சபையில போயி சொல்லுவேன். ஒனக்கும் நான்தான சொன்னேன்.

— அதத்தான் பேச வந்தேன்.

— என்னா?

— அவகிட்ட கேக்கறப்ப திரைய வெலக்கிட்டுக் கேளுங்க. சாட்சி ரெண்டு பேரையும் கிட்டக்க நிறுத்துங்க. என் நிக்காஹ்ல அவுங்க வாசப்படியிலயே நின்னுட்டாங்க.

— ஏம்மா, கடலூர் மாப்பிள்ளைய அஸ்மத்துக்குப் புடிக்கலையா?

— தெரியல. அவ வாயால வரட்டும்னுதான் சொல்றேன்.

— என் மேல கோவமா?

— கோவமெல்லாம் எப்பவோ போயிடுச்சு மாமா. இப்ப ஒண்ணுமே தோணல. நிக்காஹ் முடிஞ்ச மாசமே பினாங்கு போனவரு, ஆறு வருசமா ஒரு கடுதாசி இல்ல. சோறு ஆக்குறேன், துணி தொவைக்கிறேன், படுக்குறேன். பொழுது போயிடுது.

— அல்லா நாடுனது.

— நீங்க திரைக்கு அந்தாண்ட நின்னு மூணு தடவ கேட்டீங்க. மூணு தடவையும் வேணாம்னுதான் சொன்னேன். கொரல் எழும்பல. கூடத்துல வேற ஒரே சத்தம். ஒங்க காதுல விழல. வெக்கத்துல பேசல, அதுவே சம்மதம்னு எடுத்துக்கிட்டீங்க. ஒங்க மேல தப்பு இல்ல. நாளைக்கு மட்டும் கொஞ்சம் கிட்டக்க நின்னு கேளுங்க மாமா, போதும்.

— மலிகா.

— சொல்லுங்க.

— காதுல விழுந்துச்சும்மா. மூணு தடவையும்.