ரெண்டு இணுக்கு

ஆம்புலன்ஸ்காரர்கள் பக்கத்து வீட்டு ஆரபியை லிஃப்டுக்குள் கொண்டுபோனதும் நான் செய்த முதல் வேலை, எங்கள் கறிவேப்பிலைச் செடியைக் கழுவியதுதான். ஒரு வாளித் தண்ணீர். இலை இலையாகத் துடைத்தேன். ஓர் இலைகூடக் கிழியவில்லை.

அது பிரைமரி த்ரீயில் நான் விதை போட்டு வளர்த்த செடி. சிங்கப்பூர் செங்காங்கில் எங்கள் மாடிக் காரிடாரில் பச்சையாக இருப்பது அது ஒன்றுதான். பக்கத்து வீட்டு சரோஜினி ஆன்ட்டி தினமும் வந்து குருத்தைக் கிள்ளுவார்.

"தாரணி, ரெண்டு இணுக்கு எடுக்கிறன் பிள்ளை."

சொல்லும்போதே கையில் இருக்கும். அதற்குப் பெயர் கேட்பது இல்லை.

அம்மாவிடம் முறையிட்டேன். "கறிவேப்பிலைக்குப் போய் சண்டையாடி? விடு லா" என்று சிரித்தார்.

செடியில் புழு இருந்தது. அது உண்மை. ஜொகூரில் தோட்டம் வைத்திருக்கும் மாமா கொடுத்த பூச்சிமருந்து சிங்க்குக்குக் கீழே கிடந்தது. போத்தலில் மண்டையோட்டுப் படம். தோட்டத்துக்குத்தான் அளவு போட்டிருந்தது, தொட்டிக்கு இல்லை. நேற்று ராத்திரி நான் தாராளமாகவே கலந்து அடித்தேன்.

ஆன்ட்டி வீட்டில் கறிவேப்பிலையை வதக்க மாட்டார்கள். பச்சையாகத் தேங்காயோடு அரைத்துச் சம்பல். அது இல்லாமல் அவர் மகள் ஆரபிக்குப் பிட்டு இறங்காது. ஐந்து வயது. எத்தனையோ நாள் என் மடியில் உட்கார்ந்துதான் சாப்பிட்டிருக்கிறாள்.

இன்று ஆன்ட்டி கிள்ளியபோது நான் ஜன்னலுக்கு உள்ளே ஹோம்வொர்க் செய்துகொண்டிருந்தேன். கணக்கு எல்லாம் சரியாக வந்தது.

கொஞ்சம் முன்னால் ஆஸ்பத்திரியிலிருந்து ஆன்ட்டியின் போன் வந்தது. அம்மா ஸ்பீக்கரில் போட்டார்.

"வாயால நுரை நிக்குதில்லை அக்கா. பிள்ளை என்ன சாப்பிட்டவள் எண்டு டொக்டர் திரும்பத் திரும்பக் கேக்கிறார். தெரிஞ்சாத்தானே மருந்து குடுக்கலாமாம்."

அம்மா என்னைப் பார்த்தார். "உனக்கு ஏதாச்சும் தெரியுமா?"

"தெரியலம்மா."

நான் புழுவுக்குத்தான் அடித்தேன். யாரையும் சாப்பிடச் சொல்லவில்லை. யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்.

ஆன்ட்டி இன்னும் லைனில்தான் இருக்கிறார். அம்மா வாசலில் போய் நிற்கிறார். செடியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது.

"போன வாரம், 'செடி தழையட்டும், நம்ம சமையலுக்குத் தேக்கா மார்க்கெட்ல வாங்கிக்கலாம்'னு சொன்னியே. எங்கிட்ட மட்டும் ஏன்டி சொன்னே?"