கிழவன் சாகவே இல்ல!

...அரைச்ச மாவையே அரைச்சு வெச்சிருக்கான் சார் அந்த ஆளு! வாயை இன்னும் கொஞ்சம் பெருசா திறங்க. ஆங், அப்படித்தான். சொத்தை நல்லா உள்ள போயிருக்கு. ஊசிதான் போட்டாச்சே, வலிக்காது. நான் சொல்றது அந்தக் கதை எழுதுற ஆளை. எத்தனை நாள் காத்துக்கிடந்து வாங்கின ரெண்டாம் பாகம் தெரியுமா!

முதல் பாகம் படிச்சிருக்கீங்களா? ஐயய்யோ, தலையை ஆட்டாதீங்க, கையில மிஷின் இருக்கு! படிச்சிருக்கீங்களா... சரி, தெரிஞ்சாலும் கேளுங்க. விண்வெளிக் கப்பல். ராக்கெட்டுதான், ஆனா மந்திரத்துல ஓடுது. எஞ்சின் ரூம்ல கிழட்டு மந்திரவாதி ஒருத்தன் முணுமுணுன்னு ஓதிக்கிட்டே இருப்பான். ஒரு எழுத்து தப்பினா கப்பல் பின்னாடி போகும். பேய்க்குப் பயப்படுற ரோபோ ஒண்ணு வேற! கடைசியில எதிரிங்க சூழ்ந்துக்குறாங்களா, கிழவன் காலச் சக்கரத்தைத் திருப்பிடுறான். எல்லாம் வெள்ளையாப் போயிடுது. தொடரும்! ஒரு வாரம் எனக்குச் சோறே இறங்கலை சார்.

இந்தப் பைத்தியம் எனக்கு மட்டும் இல்ல, எங்க அக்காவுக்கும் உண்டு. கூடப்பிறந்தவங்க இல்ல, ஓரகத்தி. என் வீட்டுக்காரரோட அண்ணன் சம்சாரம். அவங்க மாடியில, நாங்க கீழ. மாடிப்படியில உக்காந்து ரெண்டு பேரும் இந்தக் கதையைப் பேச ஆரம்பிச்சோம்னா அடுப்புல பால் பொங்கி வழிஞ்சாலும் தெரியாது. அப்படி இருந்தோம்... குழாயைக் கடிக்காதீங்க சார், எச்சிலை அதுவே இழுத்துக்கும்.

ஆங், ரெண்டாம் பாகம். திறந்தா முதல் பக்கத்துல அதே காலை, அதே எஞ்சின் ரூம், கிழவன் அதே மாதிரி தும்முறான். அடடா! காலத்தைத் திருப்பிட்டான்ல, அதான் எல்லாம் மறுபடி நடக்குது, என்னா மூளைடா உனக்குன்னு கொண்டாடிட்டேன். இப்ப மாறும், இப்ப மாறும்னு படிக்கிறேன். ரோபோ அதே பேயைப் பாத்து அதே அலமாரிக்குள்ள ஒளியுது! கடைசியில கிழவன் மறுபடியும் சக்கரத்தைத் திருப்புறான். மறுபடியும் தொடரும்! யாரை ஏமாத்துறான்?

அது கிடக்கட்டும் கழுதை. அக்கா வேற கடையில வாங்கிப் படிச்சிட்டு, அழுது வீங்கின மூஞ்சியோட இறங்கி வர்றாங்க. "கிழவன் இப்படிச் செத்துட்டானேடி"ங்கறாங்க. எனக்குச் சுர்ருன்னு ஏறிடுச்சு. "கிழவன் சாகவே இல்ல, நான் கடைசி வரைக்கும் படிச்சவ"ன்னேன். "மூணாவது அத்தியாயத்துலயே போயிட்டானே"ங்கறாங்க. நான் சும்மா இருந்திருக்கலாம்ல? நாக்குல சனி! வீட்டு ஆம்பளைங்க எல்லாரும் இருக்கும்போது, "நீங்க பக்கத்தைப் புரட்டுவீங்க, படிக்க மாட்டீங்க"ன்னு சொல்லிட்டேன் சார். அவ்வளவுதான். மாடிக் கதவு சாத்தினது சாத்தினதுதான். ஊர்ல ஓரகத்திங்க நகைக்குச் சண்டை போடுவாங்க, நிலத்துக்குச் சண்டை போடுவாங்க. நாங்க போட்டது ஒரு மந்திரவாதிக்கு! அவங்க இல்லாம அந்த மாடிப்படியைப் பாக்கவே பிடிக்கலை சார். ஆனா தப்பு அவங்க மேல, நான் ஏன் இறங்கிப் போகணும்?

இந்தாங்க, நீங்களே அட்டையைப் பாருங்க. புது அட்டை, புதுப் படம், கொட்டை எழுத்துல 'இரண்டாம்'னு போட்டிருக்கு. உள்ள பூரா பழைய சரக்கு!

என்ன? ஏன் கையை ஆட்டுறீங்க? வலிக்குதா? இன்னொரு ஊசி... வேணாமா? "அஹிஹ்ஹு"வா? அப்படின்னா? அரிப்பா? பஞ்சு வெச்ச வாயால பேசாதீங்க சார், எனக்கு ஒரு எழவும் புரியலை. அட்டையைக் காட்டுறீங்க, சரி, 'இரண்டாம்'தான், நானும் அதைத்தானே... இருங்க, பஞ்சை எடுத்துடுறேன். துப்புங்க. இப்ப சொல்லுங்க.

பதிப்பா?

என்ன பதிப்பு... இரண்டாம்... கண்ணாடி எங்க, என் கண்ணாடி எங்க... இரண்டாம் பதி... அடக் கடவுளே!

பாகம் இல்லையா இது? அப்ப நான் படிச்சது பழைய புஸ்தகத்தையேவா? ரெண்டாவது தடவையா? அட்டையை மாத்திப் போட்டா? ஐயோ, அந்த மகராசியைப் போய் படிக்கத் தெரியாதவன்னு சொன்னேனே! சிரிக்காதீங்க சார், உதடு மரத்திருக்கு, கோணிக்கும்.

ஒரு நிமிஷம். நீங்க ரெண்டாம் பாகம்... நிஜமான ரெண்டாம் பாகம் படிச்சிட்டீங்களா? அப்ப கிழவன்...

மூணாவது அத்தியாயத்துலயா?

போயிட்டானா...

அந்த போனைக் கொஞ்சம் எடுங்க சார், உங்க பக்கத்துலதான் இருக்கு. ...ஹலோ, அக்கா? வெச்சிராதீங்க, வெச்சிராதீங்க! சண்டைக்கு இல்லக்கா. இப்பதான் எனக்குச் சேதி தெரிஞ்சுது... துக்கம் விசாரிக்கத்தான் கூப்பிட்டேன்.