ஜெரிசனின் கால் எப்படி இருந்தது

கண்ணைக் கட்டும் துணியை நான் ஒவ்வொரு நாளும் தோய்த்துத்தான் பாவிப்பேன். அடுத்தவரின் வியர்வை அதில் மணக்கக் கூடாது. விசாரிக்க வந்த உங்களிடம் இதை முதலில் சொல்கிறேன், ஐயா. நான் வேலையில் அக்கறை இல்லாதவள் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது.

எங்கள் ஆய்வுகூடத்தில் ஒரு கதிரை இருக்கிறது. கண்ணைக் கட்டி ஒருவரை அதில் இருத்தினால், இயந்திரம் அவர் காலை மெல்ல மடக்கும், மெல்ல நீட்டும். கால் எப்படி இருக்கிறது என்று அவர் சொல்ல வேண்டும். திரையைப் பார்த்து, சரியா பிழையா என்று நான் சொல்வேன். அப்படிப் பழகப் பழகத்தான் தொலைந்த உணர்வு திரும்பும்.

ஜெரிசன் குருநகர்க்காரர். கடலட்டை எடுக்க ஆழத்துக்குப் போய், அவசரமாக மேலே வந்ததில் இரண்டு கால்களும் உணர்விழந்து போயின. வந்த அன்றே பகிடி விட்டார்.

"ஜெயகௌரி மிஸ், கடலுக்கை விட்டிட்டு வந்த என்ரை காலை உங்கடை மிசின் தேடித் தருமோ?"

அவர் மனைவி றெஜினா வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சுகம் வந்தா உந்த மனுசன் திரும்பவும் சுழியோடப் போகும், மிஸ். பிறகு பெட்டியிலைதான் வரும்."

அடுத்த கிழமை ஜெரிசன், "நீட்டியிருக்கு" என்றார். நீட்டித்தான் இருந்தது.

"இல்லை, மடங்கியிருக்கு" என்றேன்.

அதன்பிறகு அவர் சரியாகச் சொன்னபோதெல்லாம் பிழை என்றேன். உணர்வு திரும்பிக்கொண்டுதான் இருந்தது. அவர்தான் அதை நம்பவில்லை. குனிந்து காலைப் பார்த்தபடியே அடி வைத்தார். நிமிர்ந்தால் விழுந்தார். வீட்டில் கரண்ட் நின்று கால் தெரியாமல் போனால் தவழ்ந்தார். றெஜினா ஏதும் சொன்னால், "நீ சும்மா இரு, மிஸ் சொல்லட்டும்" என்பார். நான் அவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் றெஜினா சிரித்தபடி வந்தாள். "வள்ளம், சிலிண்டர் எல்லாம் வித்தாச்சு, மிஸ். இனிக் கடல் இல்லை எண்டு மாதா மேலை சத்தியம் பண்ணிப்போட்டார். சந்தியிலை கடை போடப் போறம். மனுசன் நிமிர்ந்து நடந்தாக் காணும், வேறை ஒண்டும் வேண்டாம்."

நல்லது என்றேன். அவரைக் கதிரையில் இருத்தினேன். இயந்திரம் காலை நீட்டி நின்றது. ஜெரிசன் பயந்து பயந்து கேட்டார்.

"நீட்டியிருக்கு... ஓமோ, மிஸ்?"

நீட்டித்தான் இருந்தது.

"இல்லை" என்றேன்.

வள்ளத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்ப வாங்கலாம், ஐயா. நீங்கள் என்னை வேலையிலிருந்து நிறுத்திய நாளிலிருந்து அவர் ஓர் அடிகூட வைக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். நான் அவருக்கு எவ்வளவு தேவைப்பட்டேன் என்பது இப்போதாவது உங்களுக்கு விளங்கியிருக்கும்.