கூட்டம் தாங்காத கடையின் முதல் போணி

மாடியேறி வந்தோரின் மனச்சுமை இறக்கி வைத்த மாண்பே! கைத்தொழிலே கதியென்று வந்தவர்களிடம் கைநீட்டிக் காசு வாங்காமல் கரைசேர்த்த கனிவே! பேச வந்ததை மறந்து பெருமூச்சு மட்டும் விட்டவர்களையும் பொறுமையோடு பார்த்திருந்த பெருந்தகையே! இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் சிறுதொழில் ஆலோசனை மையத்தின் மூத்த ஆலோசகரே, எங்கள் அனைவருக்கும் அக்காவே, வணக்கம்!

"போதும்பா, கூச்சமா இருக்கு" என்று நீங்கள் முணுமுணுப்பது மேடையிலிருந்தே கேட்கிறது. முப்பது ஆண்டுக் காலப் பணியை முழுவதும் பாட இந்த வாழ்த்து மடலின் கண்ணாடிச் சட்டத்துக்குள் இடமும் இல்லை. நூலகத்துக்கு மேல்மாடியில், ஒன்றோடொன்று சேர்த்து முடுக்கிய அந்த நாற்காலிகளில் உங்களுக்காகக் காத்திருந்தவர்கள் எத்தனை பேர்! கத்தரிக்கோலைச் சட்டைப் பையிலேயே மறந்து வைத்துக்கொண்டு வந்த முடிதிருத்துபவர், கணவருக்குத் தெரியாமல் தையல் கடை தொடங்க நினைத்த பெண்மணி, கூட்டாளியோடு சண்டை போட்டுவிட்டு அதே கூட்டாளியோடு சேர்ந்தே வந்த பெயின்டர். எல்லோரையும் எழுதப் புகுந்தால் விருந்து ஆறிவிடும். ஆகவே ஒரே ஒருத்தியின் கதையைச் சொல்கிறோம். இதோ முன்வரிசையில், எங்கே தன்னைப் பற்றிச் சொல்லிவிடுவார்களோ என்று முந்தானையைத் திருகிக்கொண்டிருக்கிறாளே, அவள் கதை. பயப்படாதே தங்கச்சி, உன் அனுமதியோடுதான் படிக்கிறோம்.

நாடுவிட்டு நாடு வந்த குடும்பம் அது. அண்ணன் பைகளும் சூட்கேஸ்களும் பழுதுபார்ப்பவர். அண்ணி தையல். பேருந்து நிலையத்தின் படிக்கட்டுக்கு அடியில், நிமிர்ந்தால் தலை இடிக்கும் ஒரு கடை. இந்த ஊர் மொழி சரளமாக வந்தது தங்கைக்கு மட்டுமே. எனவே கடிதம் வந்தாலும் அவள்தான், கரன்ட் போனாலும் அவள்தான், கவுன்டர் எதுவானாலும் அவள்தான். பேருந்து நிலையத்தைப் புதுப்பித்தவர்கள் பெரிய வாசலை மறுபக்கத்துக்கு மாற்றிவிட்டார்கள். பயணிகள் வந்த வழி அடைபட்டது. கடையில் ஈ ஓட்டும் நிலை. இலவசமாக ஆலோசனை சொல்லும் அரசு அலுவலகம் ஒன்று இருக்கிறதென்று யாரோ சொல்ல, வீட்டில் அதுவே பெரிய வழக்காகிப் போனது.

"சும்மா எதுக்கு ஒருத்தன் புத்தி சொல்லுவான்? அதுவும் கவர்மென்ட்டு! வேவு பாக்கத்தான்" என்றார் அண்ணன்.

"போகலைன்னா அதுக்கும் ஏன் வரலைன்னு கேப்பாங்களோ என்னவோ" என்றார் அண்ணி. "நீ போயிட்டு வா. எது கேட்டாலும் நல்லா இருக்குன்னு சொல்லு. நம்ம கஷ்டத்தை எழுதி வச்சுக்கிட்டாங்கன்னா, பொழைக்க வழியில்லாதவங்கன்னு விசாவைப் புதுப்பிக்காம அனுப்பிடுவாங்க. சிரிச்ச மூஞ்சியா இரு!"

அவளுக்கு அந்த அறிவுரை புதிதல்ல. இந்த ஊரில் அவள் ஏறிய எல்லா அலுவலகங்களிலும் நல்லா இருக்கிறோம் என்று நிரூபித்துத்தான் வெளியே வந்திருக்கிறாள். பேருந்தில் ஜன்னலைப் பார்த்துச் சிரிக்கப் பழகிக்கொண்டே வந்தாள். உங்கள் மேசைக்கு எதிரே உட்கார்ந்தபோது அவள் கண்டது உங்கள் முகத்தை அல்ல, உங்கள் கணினித் திரையின் முதுகை. அதற்கு அந்தப் பக்கம் என்ன பதிவாகிறதோ என்றுதான் அவளுக்குக் கலக்கமாம்.

"வியாபாரம் எப்படிம்மா போகுது?"

"ரொம்ப நல்லா போகுது மேடம்."

"வாடிக்கையாளர்கள் வர்றாங்களா?"

"கூட்டம் தாங்கல மேடம்."

"அப்ப நான் என்னம்மா உதவி செய்யணும்?"

இந்தக் கேள்விக்கு மட்டும் அண்ணி பதில் சொல்லி அனுப்பவில்லை. தானாகவே, "அந்தக் கூட்டத்தைச் சமாளிக்கத்தான்..." என்று இழுத்தாள்.

உங்கள் முகம் மலர்ந்ததே, அதை நாங்களும் பார்த்தோம். அழுகையும் அலுப்புமாக வருகிறவர்களையே கண்டு பழகிய அறைக்குள், வளர்ச்சியைச் சமாளிக்க வழி கேட்டு ஒரு பெண்! அடுத்த வாரத்துக்குள் சந்தைத் தெருவில் பெரிய கடை பார்த்துவிட்டீர்கள். கடை உரிமையாளரிடம் நீங்களே பேசிவிட்டீர்கள். படிக்கட்டுக்கு அடியிலிருக்கும் கடையைக் காலி செய்வதாகச் சொல்லி, புதுக்கடைக்குக் கையெழுத்துப் போடுவது மட்டும்தான் பாக்கி. வீட்டில் சோறு இறங்கவில்லை. வேண்டாமென்றால் பொய் சொன்னது தெரிந்துவிடும். சரியென்றால் இருந்த கடையும் போய், எடுத்த கடையும் முழுகிவிடும். "உன்னை யாரு கூட்டம் தாங்கலன்னு சொல்லச் சொன்னது? நல்லா இருக்குன்னு சொல்லுன்னா, இவ்வளவு நல்லாவா?" என்று அண்ணி தலையில் அடித்துக்கொண்டாராம்.

அக்கா, யாரும் கையெழுத்துப் போடுமுன் அவர்கள் கடையை ஒருமுறை நேரில் பார்ப்பது உங்கள் வழக்கம். வெறுங்கையோடு போகாமல் வாடிக்கையாளராகப் போவதும் உங்கள் வழக்கம். சக்கரம் உடைந்த உங்கள் பழைய சூட்கேஸை வீட்டிலிருந்து இழுத்து வந்தீர்கள். வருவதாக முன்கூட்டியே தகவலும் சொல்லிவிட்டீர்கள். அங்கேதான் வம்பு வந்தது.

அங்கே நீங்கள் கண்டது வரிசை. படிக்கட்டைத் தாண்டி, கழிவறை வாசல் வரைக்கும் வரிசை! முடிதிருத்துபவர், மேல்வீட்டுக்காரர், அவர் மாமியார், அண்ணனோடு ஒரே அறையில் தங்கியிருந்த பழைய நண்பர்கள். ஆளுக்கொரு பெட்டி. நீங்களும் பணிவாக வரிசையின் கடைசியில் போய் நின்றீர்கள். வரிசை நகரவில்லை. நகர எப்படி முடியும்? ஒரு பெட்டியும் உடைந்திருக்கவில்லையே! அண்ணன் ஒவ்வொரு பெட்டியையும் திறந்து, மூடி, தட்டி, காதை வைத்துக் கேட்டு, வைத்தியர் போலத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

உங்களுக்கு முன்னால் நின்றவரிடம் பேச்சுக் கொடுத்தீர்கள்.

"உங்க பெட்டிக்கு என்னங்க பிரச்சினை?"

அவர் பெட்டியைப் பார்த்தார், உங்களைப் பார்த்தார், "இருங்கம்மா, கேட்டுச் சொல்றேன்" என்று அண்ணனிடம் ஓடினார்.

உங்கள் முறை வந்தது. உடைந்த சக்கரத்தைக் கண்டதும் அண்ணனுக்கு நாடகம் மறந்துவிட்டது. "அடடா, அச்சே போயிருக்கே! யாருங்க இதை இப்படி இழுத்தது?" என்று உங்களையே திட்டிக்கொண்டு வேலையில் இறங்கிவிட்டார். ஒரு சக்கரத்தை இவ்வளவு ஆசையோடு தொட்ட கையை அதற்குமுன் கண்டதில்லை என்று பின்னாளில் எங்களிடம் சொன்னீர்கள். பெட்டி வழுக்கிக்கொண்டு ஓடியதும், அந்தப் பெண்ணிடம் குனிந்து, மெதுவாகக் கேட்டீர்கள்:

"இன்னைக்கு முதல் போணி நான்தானே?"

பழகி வைத்த சிரிப்பு அவள் முகத்திலிருந்து கழன்று விழுந்தது. "இந்த வாரத்துக்கே நீங்கதான் மேடம்" என்று சொல்லி உடைந்துவிட்டாள். "எங்களைத் திருப்பி அனுப்பிடுவாங்களா?"

"யாரும்மா அனுப்புறது? நாங்களா? வந்த நாள்லேர்ந்து ஓடாத பிரின்டர் ஒண்ணு இருக்கு, அதையே எங்களால திருப்பி அனுப்ப முடியல. உங்களை அனுப்பப் போறோமாக்கும்!"

வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். அண்ணி சிரித்துக்கொண்டே அழுதார். நீங்கள் கவிழ்த்துப் போட்ட ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தீர்கள். ஏன் பொய் சொன்னாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நான் கேட்டதுதான் தப்பு. எப்படிப் போகுதுன்னு கேட்டா, நல்லாப் போகுதுன்னுதானே யாரும் சொல்லுவாங்க" என்றீர்கள்.

மறுநாள் காலை நாங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது உங்கள் மேசை பக்கவாட்டில் திரும்பியிருந்தது. தட்டச்சாகும் ஒவ்வொரு எழுத்தும் வந்தவர் கண்ணுக்குத் தெரியும்படி, திரை இருவருக்கும் நடுவில் நின்றது. கேள்வியும் மாறியது. "எதும்மா தூக்கத்தைக் கெடுக்குது?" அன்று தொடங்கி எங்கள் மையத்தின் முதல் கேள்வி அதுதான். மேலதிகாரிகள் வந்து, மேசை ஏன் கோணலாக இருக்கிறதென்று கேட்டபோதெல்லாம், "நேரா இருந்தப்பதாங்க கோணலா இருந்துச்சு" என்று சொல்லி அனுப்பினீர்கள்.

சந்தைத் தெருக் கடை எடுக்கும் பேச்சு நின்றது. படிக்கட்டுக் கடை பிழைத்தது. புது வாசலருகே ஒரு சிறு மேசை போட இடம் கேட்டு நிலைய மேலாளரிடம் அவளோடு நீங்களும் நடந்தீர்கள். அவர் முடியாது என்றார், மறுபடியும் நடந்தீர்கள். பார்க்கலாம் என்றார், அதற்கும் நடந்தீர்கள். கடைசியில் உங்களைப் பார்த்தாலே பேனாவை எடுக்கும் நிலைக்கு மனிதர் வந்துவிட்டார். இன்று தங்கை புது வாசலில் பெட்டிகளை வாங்குகிறாள், அண்ணன் படிக்கட்டுக்கு அடியில் உட்கார்ந்து சரிசெய்கிறார், பேருந்து புறப்படுவதற்குள் சக்கரம் ஓடுகிறது. இப்போது வரிசையில் நிற்பவர்களின் பெட்டிகள் நிஜமாகவே உடைந்தவை. வரிசை எப்போதும் நீளமில்லை. ஆனால் எப்படிப் போகுது என்று கேட்டால், "செவ்வாய்க்கிழமை மட்டும் மந்தம் மேடம்" என்று உள்ளதைச் சொல்கிறாள். அதைவிடப் பெரிய வெற்றி எங்கள் மையத்துக்கு வேறில்லை.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும், அக்கா. முடியவில்லை. போன வாரம் அழைப்பிதழ் வாங்க வந்தவள், "ஓய்வுக்கு அப்புறம் என்ன பண்ணப் போறீங்க மேடம்?" என்று உங்களைக் கேட்டாள். "ஐயோ, எவ்வளவு வேலை இருக்கு! நேரமே பத்தாதும்மா" என்று சிரித்தீர்கள். எங்களிடமும் ஒரு மாதமாக அதையேதான் சொல்கிறீர்கள். நாங்கள் நம்பிவிட்டோம். அவள் நம்பவில்லை. படியிறங்கும்போது எங்கள் காசாளர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அண்ணே, அது என் சிரிப்பு. கூட்டம் தாங்கலன்னு சொன்னேனே, அன்னைக்கு நான் சிரிச்ச அதே சிரிப்பு."

பிறர் தூக்கத்தைக் கெடுப்பது எதுவெனக் கேட்டுக் கேட்டுத் தீர்த்த தாயே! அந்தக் கேள்வியை உங்களிடம் ஒருவரும் கேட்கவில்லையே என்று அன்றுதான் எங்களுக்கு உறைத்தது. ஆகவே, திரையைத் திருப்பி வைத்துவிட்டுக் கேட்கிறோம். மேடையில் பதில் சொல்ல வேண்டாம். புது வாசல் மேசைக்குப் பக்கத்தில் வந்து சொல்லுங்கள். அங்கே குடை ரிப்பேர்க்காரர் இருக்கிறார், சாவி வெட்டுபவர் இருக்கிறார், கைபேசி உறை விற்கும் தம்பதி இருக்கிறார்கள். அரசு அலுவலகத்தின் மாடிப்படியைக் கண்டாலே கால் பின்வாங்குகிறவர்கள் அவர்கள். எல்லோருக்கும் வியாபாரம் ரொம்ப நல்லாப் போகிறதாம். கேட்டாலே கவலையாக இருக்கிறது.

பொன்னாடைக்குப் பதிலாக நாங்கள் எல்லோரும் சேர்ந்து தரும் பரிசு, ஒரு மடக்கு நாற்காலி. இருக்கை அண்ணி தைத்தது, கால்களுக்குச் சக்கரம் அண்ணன் போட்டது. இதை உங்கள் வீட்டுக்கு அனுப்ப மாட்டோம். கடை வாசலில்தான் இருக்கும். விருப்பப்பட்ட காலையில் வந்து உட்காருங்கள், விருப்பப்பட்டபோது எழுந்து போங்கள்.

உடல்நலம் குன்றாமல், உள்ளம் சோராமல், உறக்கம் கெடாமல், உற்றாரோடும் எங்களோடும் நெடுங்காலம் நீங்கள் நிறைவோடு வாழ வேண்டும் என்று நெஞ்சார வேண்டுகிறோம். வராமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். வரவில்லையென்றால், நாங்கள் அத்தனை பேரும் ஆளுக்கொரு நல்ல பெட்டியைத் தூக்கிக்கொண்டு உங்கள் வீட்டு வாசலில் வந்து வரிசையில் நிற்போம். என்ன பிரச்சினை என்று நீங்கள் கேட்டால், இருங்கக்கா, கேட்டுச் சொல்கிறோம்.

குறையாத அன்புடன்,
சிறுதொழில் ஆலோசனை மையப் பணியாளர்கள்,
பை, சூட்கேஸ் கடைக் குடும்பத்தார்,
மற்றும் அன்று வரிசையில் நின்றவர்கள்