காற்றுச் சாவி

மூக்கடைத்துக்கொண்டு பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு எப்போதுமே இரக்கம், அய்யா. நீங்களும் இன்று அப்படித்தான் பேசுகிறீர்கள். ராத்திரி வெந்நீரில் கொஞ்சம் மஞ்சள் போட்டு ஆவி பிடியுங்கள், சரியாகிவிடும்.

என் பெயர் சிட்டிபாபு, சொந்த ஊர் நகரி. திருப்பதியில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் பெயரை எழுதிக்கொண்டுவிட்டீர்கள். அங்கே நான் வார்டு பாய். படுக்கை விரிப்பது, சட்டி எடுப்பது, காற்று சிலிண்டரைச் சாவி போட்டுத் திறப்பது, மூடுவது. சட்டி தூக்கியே கிழமாகியிருக்க வேண்டியவன். ஆந்திர ராஜ்யம் வந்தது, குண்டூர்ப் பக்கத்திலிருந்து டாக்டர் வந்தார், எனக்குச் சுக்கிர திசை அடித்தது. அவருக்குத் தமிழ் தெரியாது. பிச்சாட்டூர், சத்தியவேட்டு நோயாளிகளோ தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடிப்பார்கள். அதிலும் சிலிண்டர் காற்றுக்காக முகத்தில் ரப்பர் மூடி போட்டுவிட்டால், பானைக்குள் தலையை விட்டுப் பேசுவதுபோல்தான் கேட்கும். அது எனக்கு மட்டும் விளங்கியது. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை.

பிறகு மூடிக்குள்ளிருந்தே பேச நோயாளிகளைப் பழக்கவும் தொடங்கினேன். மூடியை மூக்குத்தண்டின் மேல் இரண்டு விரலால் அழுத்திக்கொள்ளுங்கள், காற்று கசிந்து சீறாது. மூச்சை இழுக்கும்போது பேசாதீர்கள், விடும்போது பேசுங்கள். ஒரு மூச்சுக்கு இரண்டு மூன்று வார்த்தை போதும். கழற்றி வைத்த பல்செட்டை மாட்டிக்கொள்ளுங்கள். பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஆனால் தண்ணீர் கேட்டுக் கேட்டு யாருக்கும் புரியாமல் அழுத ஒருவர், என்னிடம் பழகியபின் கேட்டதும் கிடைத்தபோது என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அன்று தலைக்கு ஏறியது இன்னும் இறங்கவில்லை. "ஆஸ்பத்திரில வாய மூடினவன் பேசறதுகூட வெளங்குது, ஊட்ல நான் பேசறது மட்டும் ஒனக்கு வெளங்கல" என்பாள் என் மனைவி பாப்பாத்தி. அதுவும் எனக்குப் புகழ்ச்சியாகத்தான் பட்டது.

நாகபூஷணம் பிச்சாட்டூர்க்காரர், நுரையீரலில் சளி கட்டி வந்து சேர்ந்தவர். மகள் சந்திரம்மாவைத் திருத்தணியில் கொடுத்திருந்தார். எந்த ஊர் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று மாமனாருக்கும் மருமகனுக்கும் வாய்ச்சண்டை முற்றி, இனி மகள் வீட்டு வாசலை மிதிப்பதில்லை என்று கிழவர் சொல்லிவிட்டார். கடைசியில் திருத்தணி மதராஸோடு போனது, பிச்சாட்டூர் ஆந்திராவோடு வந்தது. கோடு போட்டவர்கள் இந்த இரண்டு பேரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மூடிக்குள்ளிருந்து அவர் தெளிவாகச் சொன்ன முதல் வார்த்தை மகளின் பெயர்தான். பஸ் கண்டக்டரிடம் சொல்லியனுப்பி அவளை வரச் சொன்னதும் நான்தான். அவளிடம் என்ன சொல்வது என்றும் கிழவர் தீர்மானித்து வைத்திருந்தார். "கோடு தாலுக்காவுக்குப் போட்டாங்க. ஒனக்கும் எனக்கும் நடுவுல போடல." மூடிக்கு இது நீளம். நீ என் பெண் என்று மட்டும் சொல்லுங்கள், போதும் என்றேன். முழுசாகத்தான் சொல்வேன் என்று தலையை ஆட்டினார். சரி என்று தினமும் பக்கத்தில் உட்கார்ந்து, துண்டு துண்டாகப் பழக்கினேன். பாதியிலேயே மூச்சு வாங்கிவிடும்.

ஆனால் உடம்பு தேறிக்கொண்டு வந்தது. வெள்ளிக்கிழமை மூடியை எடுத்துவிடலாம், அதுவரை காற்று நிற்கக் கூடாது என்றார் டாக்டர். இனி அவரே பேசிக்கொள்வார், உனக்கு ஓய்வு என்று என் முதுகில் தட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அது எனக்கு எவ்வளவு வலித்தது என்று சொன்னால் நீங்களும் சிரிப்பீர்கள். நான் பாடுபட்டுப் பழக்கிய பேச்சை, நான் இல்லாமலே அவர் சொல்லிவிடுவார். நட்டவன் ஒருவன், அறுத்துக்கொண்டு போகிறவன் இன்னொருவன்.

வியாழக்கிழமை மத்தியானமே சந்திரம்மா வந்துவிட்டாள். வெளியாட்களை வார்டுக்குள் விடுவதில்லை. தாழ்வாரத்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மகளைப் பார்த்ததும் கிழவர் பேச முயன்றார். காற்றின் சீறலில் ஒன்றும் எழவில்லை. நர்ஸ் சாப்பிடப் போயிருந்தாள். நான் சாவி போட்டுக் காற்றை அடைத்து, மூடியைக் கழற்றினேன். அவர் சொல்லி முடிக்கிற வரைக்கும்தான். முன்பும் சிலருக்கு இப்படிக் கழற்றியிருக்கிறேன். அவர்களில் ஒருவரும் பிறகு குறை சொன்னதில்லை.

அவர் உதடு அசைந்தது.

"நைனா இன்னா சொல்றாரு?" என்றாள் சந்திரம்மா.

கோடு தாலுக்காவுக்குத்தான், உனக்கும் எனக்கும் நடுவில் இல்லை என்கிறார் என்றேன். அவள் கம்பியில் நெற்றியை வைத்து அழுதாள். கிழவரின் கை மூடியைத் தேடி வந்தது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். நான் ஆறுதலாகப் பிடித்திருப்பதாக அவளுக்குத் தெரிந்திருக்கும். மறுபடியும் சொன்னார். நீ நன்றாக இருக்க வேண்டும் என்கிறார் என்றேன். அவள் என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். கும்பிட்டு நிற்கிறவளிடம், கொஞ்சம் இரம்மா, இவருக்கு மூடி போட வேண்டும் என்று எப்படிச் சொல்வது? எனக்கு மனசு வரவில்லை. நான் பிடித்திருந்த கை தளர்ந்தது, மூச்சு நின்றது. அதன்பிறகு மூடியை மாட்டி, காற்றையும் திறந்துவைத்தேன். என் வேலையில் ஒருநாளும் குறை வைத்ததில்லை.

நான்தான் கொன்றேன் என்று எழுதப்போகிறீர்கள். எழுதிக்கொள்ளுங்கள், அது சரிதான். ஆனால் அப்பா நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போனார் என்று சந்திரம்மா நிம்மதியாக இருக்கிறாள். அதைக் கெடுத்துவிடாதீர்கள். எனக்காகக் கேட்கவில்லை, அய்யா.

கிழவர் உண்மையில் என்ன சொன்னார் என்று கேட்டீர்களே. ஜன்னல் வரைக்கும் எட்டவில்லை, எனக்குக் கேட்டது. இரண்டு தடவையும் ஒன்றையேதான் சொன்னார்.

"காத்து வுடுடா, சிட்டி."

ஒரு மூச்சுக்கு மூன்றே வார்த்தை, நான் பழக்கியபடியே. ஓர் எழுத்துகூடச் சிதையவில்லை.